சிதரான் கல்லறையும் ரம் குவளையில் நெளிந்த புழுவும்

கேள்வி: காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் பதினாறு வயது மகன் போன சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், கூடப் படிக்கும் பையன்களோடு பந்தயம் கட்டிக்கொண்டு, சேன் பியேர் கல்லறைத் தோட்டத்தில் சிதரான் கல்லறையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறான். ஐந்தாம் நாள் காய்ச்சல். விரலை மடக்க முடியவில்லை, கணுக்கால் வீங்கிவிட்டது. சிதரான் பிடித்துக்கொண்டான் என்கிறார் மாமியார். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, கறுப்புச் சேவல் ஒன்று கொடுக்க வேண்டும் என்கிறார் பூசாரி. சிதரான் என்பது சீதாராமன்தான், அவன் நம்மவன்தான், தமிழில் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவான் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, லெ தம்போன்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து, எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பையனை டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆஸ்பிரின் பக்கம் போக வேண்டாம் என்றும் சொன்னேன். டெங்குவாக இருந்தால் அது ஆபத்து. உங்களுக்கான பதில் அதோடு முடிந்தது. இங்கே அச்சில் வருவது மற்றவர்களுக்காக. ஏனென்றால் சிதரானுக்குப் பதில் வேறு பெயர் போட்டு இதே கேள்வி வருடத்துக்கு நாலு தடவையாவது என் மேஜைக்கு வருகிறது.

முதலில் பெயர் விவகாரம். சிதரான் சீதாராமன் இல்லை. சிமிக்கூட்சா சிமிக்கூர்பா என்பது அவன் பெயர், பிறந்தது மொசாம்பிக். ஒப்பந்தக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்தவன். கரும்புக்கு ஆள் வேண்டும் என்று நம் பாட்டன்மாரைக் கொண்டுவந்தார்களே, அதே மாதிரிக் காகிதத்தில் கைநாட்டு வைத்து வந்தவன். அந்த ஒரு வகையில் வேண்டுமானால் நம்மவன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். 1909, 1910 வாக்கில் தீவின் தெற்கே வீடு புகுந்து திருடி, கொலையும் செய்த கும்பலில் அவன் ஒருவன். தச்சன் துரப்பணத்தால் கதவில் துளை போடுவார்களாம், அதன் வழியே ஊமத்தைப் பொடியை ஊதி உள்ளே இருப்பவர்களை மயக்குவார்களாம். இந்தப் பொடிக் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிற்பாடு சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கதவு துளைக்கிற சத்தம் மட்டும் நூறு வருடம் கழித்தும் தெற்கத்திக்காரர் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

1911 ஜூன் 20 அன்று சேன் பியேரில் கில்லட்டின் அவன் தலையை எடுத்தது. கூட்டாளி ஃபோந்தேன் தலையும் கூடவே போயிற்று. மூன்றாவது ஆள் கலாந்த்ரேன், சேந்த் ஆன்ஜ் என்ற பட்டப்பெயரில் குறி சொல்லி, மருந்து கொடுத்துப் பிழைத்தவன். மந்திரம் தெரிந்தவன் என்று ஊர் பயந்தது அவனைப் பார்த்துத்தான். அவனுக்கும் மரண தண்டனைதான் விதித்தார்கள். ஆனால் பிரான்ஸ் ஜனாதிபதியின் கருணை கிடைத்து, பிரெஞ்சு கயானாவின் கைதி முகாமுக்குக் கப்பலேறி, தலை தப்பித்தான். கவனியுங்கள். மந்திரக்காரன் உயிரோடு போய்விட்டான், தலை போனவன் ஆவியாகிவிட்டான். உங்கள் பூசாரி இதில் எந்த வகை என்று நான் சொல்லப்போவதில்லை.

அந்தக் கல்லறைக்கு நானும் போயிருக்கிறேன். போகாமல் எழுதினால் மாமியார்கள் விடமாட்டார்கள். பிப்ரவரி மாதம், மழை விட்ட மறுநாள், மதியம். சிவப்பும் கறுப்பும் பூசிய கல். மேலே உருகி வழிந்து கெட்டியான மெழுகு. முனையில் பற்றவைத்து அப்படியே அணைந்துபோன நாலைந்து சிகரெட்டுகள், சில்லறைக் காசு, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. குவளையில் ரம் ஊற்றி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ரம் எப்போதோ ஆவியாகியோ, யாராவது குடித்தோ தீர்ந்துபோய், அதில் மழைத்தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் சட்டென்று வாலைச் சுழற்றி அடியில் போய் ஒளிந்துகொள்ளும் இத்துனூண்டு புழுக்கள் பத்துப் பன்னிரண்டு. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடியும் தொங்கின.

அம்மா, உங்கள் பையனைப் பிடித்தது அதுவாக இருக்கலாம்.

புலிக்கொசு என்கிறோமே, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு, அது ஆற்றிலும் குளத்திலும் முட்டையிடாது. அதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். பத்து நாளுக்குள் பறந்துவிடும். பிறந்த இடத்தைவிட்டு நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். கடிப்பது பகலில்தான், காலையிலும் அந்தி சாய்கிற நேரத்திலும் அதிகம். உங்கள் பையன் போனது எந்த நேரம்? கடித்து நாலிலிருந்து எட்டு நாளுக்குள் சிக்குன்குனியா காய்ச்சல் வரும். உங்கள் பையனுக்கு வந்தது எந்த நாள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான் எதையும் கூட்டவில்லை. அங்கேதான் கடித்தது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன், உங்கள் வீட்டுப் பின்கட்டில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டிலும் அது பிறந்திருக்கலாம். ஆனால் இந்தத் தீவில் ஒரு கல்லறைத் தோட்டம் ஆளைப் படுக்கவைக்கிறது என்றால், முதலில் பூச்சாடிக்குள் பாருங்கள். இறந்தவர்களை நினைத்து நவம்பர் முதல் தேதிக்கு ஊரே பூக்கொண்டுபோய் வைக்கிறது, மழை தொடங்குகிறது, சாடி நிறைகிறது. பூச்சாடியில் தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போடுங்கள் என்று அரசாங்கம் தொண்டைகிழியக் கத்துவது சும்மா இல்லை.

2005-2006-ல் ஏறக்குறைய 2,66,000 பேரை, அதாவது தீவில் மூன்றில் ஒருவரை, சிக்குன்குனியா படுக்கவைத்தது. என் அம்மா மூன்று மாதம் சீப்பைப் பிடித்துத் தலைவார முடியாமல் என் தங்கையிடம் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவு பிசைய முடியாத கை, பாட்டில் மூடி திறக்க முடியாத கை. 2025-ல் மறுபடியும் வந்தது. இதற்கெல்லாம் ஒரு பேய்க்கதையும் இல்லை பாருங்கள். மூன்றில் ஒருவரைச் சாய்த்த கொசுவுக்கு ஒரு குழந்தையும் நடுங்குவதில்லை, நூறு வருடத்துக்கு முன் தலைபோனவனுக்கு நடுங்குகிறது.

இப்படி எழுதினால் 'ஆசிரியர் நாத்திகர்' என்று அடுத்த மாதம் கடிதம் வரும். வரட்டும். பாண்டியாலேவுக்கு, அதாவது நம் திரௌபதை அம்மனுக்கு, பதினெட்டு நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறவன் நான். கரும்புக்காட்டு ஓரத்துச் சிவப்புக் கோயிலில் மினிஸ்பிரேனுக்கு ரம்மும் சிகரெட்டும் வைத்துக் கும்பிட்ட தாத்தாவின் பேரன். மினிஸ்பிரேன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், காரைக்காலில் அவருக்கு முனீஸ்வரன் என்று பெயர். அங்கே சுருட்டும் சாராயமும், இங்கே சிகரெட்டும் ரம்மும். அந்தக் கல்லறையில் கிடந்த படையலைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. மொசாம்பிக்காரன் ஒருவனுக்கு முனீஸ்வரன் படையலை யார் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்? என் ஊகம் தப்பாக இருக்கட்டும். நாற்சந்தியில் சிவப்புத் துணியும் சேவல் தலையும் கிடந்தால் 'மல்பார் வேலை', அதாவது இந்தத் தீவுத் தமிழர் செய்த சூனியம், என்று காரை ஒதுக்கி ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தப் பெயரைக் கேட்டு நமக்குக் கோபம் வருகிறது. சரி. அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் நாமே கறுப்புச் சேவலுக்கு விலை பேசுகிறோம்.

கல்லறைக்குச் சக்தி உண்டா என்றும் ஒருவர் போன மாதம் கேட்டிருந்தார். அவரை சேன் போல் கடற்கரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புகிறேன். கடற்கொள்ளைக்காரன் லா பியூஸ் கல்லறை என்று அங்கே ஒரு சிலுவை இருக்கிறது, மண்டையோடும் குறுக்கெலும்பும் செதுக்கியது. புதையல் தேடுகிறவர்கள், வேண்டுதல் வைக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் என்று எப்போதும் கூட்டம்தான். லா பியூஸைத் தூக்கில் போட்டது 1730 ஜூலை 7. அந்தக் கல்லறைத் தோட்டம் ஏற்பட்டது 1788. ஐம்பத்தெட்டு வருடம் அவன் எங்கே காத்திருந்தான்? ஆனாலும் வேண்டுதல் பலிக்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவன் அங்கே இல்லாதபோதே பலித்தால், இருந்திருந்தால் தீவே பணக்காரத் தீவாகியிருக்கும்.

எல்லாக் கதையையும் நான் இப்படித் தள்ளுவதில்லை. மதாம் தெபாசென் கதையைத் தள்ள மனம் வராது. சேன் ழில் மேட்டில், வில்லேல் அருங்காட்சியகமாக இன்று இருக்கிறதே, அந்த மாளிகைக்காரி. 1755-ல் பிறந்து 1846-ல் இறந்தவள். நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானி. பெரிய மனிதர்கள் மத்தியில் தருமசீலி என்று பெயர். அடிமைகளின் பிள்ளைகள் சொன்ன கதை வேறு. அவள் செத்ததும் எரிமலைக்குள் போனாள், இன்னும் எரிகிறாள், எரிமலை கக்கும்போது கேட்பது அவள் அலறல். விடுதலை வந்தது 1848 டிசம்பர் 20, அவள் போய் ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. தொண்ணூறு வயதில் தன் கட்டிலில், செல்வத்தோடு செத்தாள். எந்த நீதிமன்றமும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாதவர்கள் எரிமலையைக் கூப்பிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும் கிழவியிடம் போய் 'அறிவியல்படி' என்று ஆரம்பிக்கிறவன் மடையன்.

கிரான் மேர் கால் கதை அவ்வளவு கனமில்லை. சாப்பிடாத பிள்ளைக்கு நம் ஊரில் பூச்சாண்டி, இங்கே அந்தக் கிழவி. இரவில் ஓடைப் பள்ளத்திலிருந்து குழந்தை அழுவது போல ஒரு குரல் வரும், அதுதான் அவள் என்பார்கள். ஃபுக்கே என்கிற கடற்பறவையின் குரல் அது. பாறை இடுக்கில் கூடு கட்டும், இருட்டில்தான் கூட்டுக்குத் திரும்பும். தெரிந்த பிறகும் கேட்டால் முதுகு சில்லிடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையாகவே பயம் வந்த இடம் எது என்று கேட்பீர்கள். கிராந்த் ஷலூப். சேன் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே, கடலைப் பார்த்த பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய லாசரே. கப்பலில் வந்த நம்மவர்களைக் கரை இறக்கியதும் ஊருக்குள் விடாமல், வியாதி இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்த இடம். இப்போது செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நீளமான கல் கட்டடம், உள்ளே குளிர்ச்சி. வெளியே வந்தவுடன் வெயில் அறைகிறது. காய்ச்சலோடு வந்து, கரும்புத் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே அங்கேயே முடிந்துபோனவர்கள் உண்டு. அந்த இடத்தைப் பற்றி ஒரு மாமியாரும் ஒரு பேய்க்கதையும் எனக்குச் சொன்னதில்லை. பையன்கள் பந்தயம் கட்டி இருட்டில் அங்கே போவதும் இல்லை. அங்கே ஆவி இருந்தால் அது தமிழில்தான் பேசும். உங்கள் மகனுக்கு அது பேசுவது புரியுமா என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இதை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் உங்கள் போன் வந்தது. சிக்குன்குனியாதான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது, விரல் வலி மட்டும் இருக்கிறது என்றீர்கள். சந்தோஷம். வலி சில வாரம் இருக்கலாம், டாக்டர் சொன்ன மாத்திரையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். 'அந்தக் கொசுவையே சிதரான்தான் அனுப்பினான்' என்று மாமியார் சொல்வதாகச் சொல்லிச் சிரித்தீர்கள்.

சரி, அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை அவர் கல்லறைக்கு மன்னிப்புக் கேட்கப் போகும்போது, அந்தக் குவளையைக் கவிழ்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.