புகார் இல்லாமல் காப்பகத்தில் சேர்ப்பார்களா?

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் தங்கை கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். என் வீடு ஒற்றை அறை. போலீஸ் புகார் கொடுக்காமல் அரசு விடுதியில் இடம் கிடைக்குமா? காசு கட்டணுமா? - வாசகி, விருதுநகர்

பதில்: கிடைக்கும் அம்மா, காசு வேண்டாம். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் உங்கள் மாவட்டத்து 'சகி' மையத்துக்கு வழி சொல்வார்கள். முழுக்க மத்திய அரசுப் பணத்தில் நடப்பது அது. ஆனால் அங்கே சில நாள்தான் தங்கலாம். அப்புறம் கூடுதல் நாள் தங்க 'சக்தி சதன்' போன்ற பெண்கள் இல்லம். அதன் செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு போடுகிறார்கள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். "ஆதார் எங்கே, புகார் நகல் எங்கே?" என்றார்கள். ஆதார் கணவனின் பீரோவில்! வராந்தா பெஞ்சில் இரண்டு மணி நேரம். குழந்தை என் முந்தானையில் தூங்கிவிட்டது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6-வது பிரிவை எடுத்துக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. கேட்டால் இடம் தர வேண்டும் என்கிறது அது. புகார் பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

போகும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். காப்பகம் போனதால் கணவர் வீட்டில் வசிக்கும் உரிமை போய்விடாது, அதையும் தங்கையிடம் சொல்லுங்கள்.