ஒரே பாலிசியில் எல்லாம் அடங்குமா? பிளம்பிங் கான்ட்ராக்டரின் கேள்வி

கேள்வி: 9 வருடமாக பிளம்பிங் வேலைகளை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். 4 ஆட்கள், 2 வேன், சரக்கு வைக்க ஒரு சின்ன குடோன். குடோனுக்கு தீ காப்பீடும் வேன்களுக்கு வாகனக் காப்பீடும் தனித்தனியாக இருக்கின்றன. தொழிலுக்கான பேக்கேஜ் பாலிசி எடுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும், பிரீமியமும் குறையும் என்கிறார் ஒரு ஏஜென்ட். பழையவற்றை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் வேன் பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்ட் ‘எல்லாம்’ என்று சொல்வது பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான்: குடோனும் அதிலுள்ள சரக்கும், உங்கள் வேலையால் மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பொறுப்பு, தீ மாதிரி ஒரு விபத்தில் தொழில் முடங்கினால் இழக்கிற வருமானம். சாலையில் ஓடும் வாகனமும், வேலையில் அடிபடும் ஆட்களுக்கான இழப்பீடும் பொதுவாக இதில் சேராது. ஆட்களுக்கான காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நிஜமாகவே எடுக்கவில்லை என்றால் பேக்கேஜைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி கட்டாயம்.

பிரீமியம் குறையும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மாறுவதற்கு அது போதுமான காரணம் இல்லை. கடைக்காரருக்கு ஆபத்து பெரும்பாலும் கடைக்குள் இருக்கும். உங்களுக்கோ அது அடுத்தவர் வீட்டுச் சுவருக்குள், நீங்கள் மூடிவிட்டு வந்த ஜாயின்ட்டில் இருக்கிறது. அதனால் அந்த மூன்றில் நீங்கள் வரி வரியாகப் படிக்க வேண்டியது பொறுப்புக் காப்பீட்டைத்தான்.

வேலை முடித்து, பணம் வாங்கி, மூன்று மாதம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு ராத்திரி அந்த ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு, கீழ் வீட்டு சீலிங்கும் மரத் தரையும் நாசமாகின்றன. வேலை நடக்கும்போது ஏற்படும் சேதத்தை மட்டும் ஏற்கிற பாலிசி இங்கே கைவிரித்துவிடும். ‘வேலை முடிந்த பிறகும் தொடரும் பொறுப்பு’ சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சேர்ந்திருந்தாலும் சீலிங்குக்கும் தரைக்கும்தான் பணம் வரும். அந்த ஜாயின்ட்டை மறுபடி போடும் செலவு உங்களுடையது. உங்கள் வேலையில் உள்ள குறையைச் சரிசெய்ய இன்ஷூரன்ஸ் பணம் தராது, அதன் விளைவுக்குத்தான் தரும். மாதக்கணக்கில் கசிந்து ஊறிய ஈரம், பூஞ்சை போன்றவற்றைப் பல பாலிசிகள் நேரடியாகவே விலக்கிவிடுகின்றன. சுவரை மூடுவதற்கு முன், குழாய் கசியாமல் அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டின் அளவை தேதியோடு போட்டோ எடுத்து வைப்பது, சண்டை வரும்போது கை கொடுக்கும்.

இன்னொன்று. சேதம் நடந்த நாளில் இருந்த பாலிசி பொறுப்பேற்குமா, கிளெய்ம் வந்த நாளில் இருக்கும் பாலிசி பொறுப்பேற்குமா? உங்கள் தொழிலில் புகார் தாமதமாகத்தான் வரும் என்பதால் முதல் வகைதான் எனக்குப் பிடிக்கும். இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டால், பாலிசியை நிறுத்திய மறுநாளே பழைய வேலைகள் எல்லாம் பாதுகாப்பில்லாமல் போய்விடும்.

செம்புக் குழாயை இணைக்க கேஸ் டார்ச் பிடிப்பீர்களா? அப்படியென்றால் விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். தீ ஜுவாலையோடு செய்யும் வேலைக்கு நிபந்தனைகள் இருக்கும்: பக்கத்தில் தீயணைப்பான், எரியக்கூடியவற்றை அகற்றுவது, வேலை முடிந்தபின் 30 அல்லது 60 நிமிடம் ஓர் ஆள் அங்கேயே இருந்து கவனிப்பது. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் தீப்பிடித்தால் இந்த நிபந்தனையை வைத்தே கிளெய்மைத் தள்ளுபடி செய்யலாம். நிபந்தனை எழுதியிருக்கும் பக்கத்தை உங்கள் மேஜையிலேயே விட்டுவிடாதீர்கள், டார்ச் பிடிக்கிற ஆளிடம் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் கருவிகள். த்ரெடிங் மிஷின், டிரில், அடைப்பு எடுக்கும் மிஷின் எல்லாம் குடோனில் எத்தனை மணி நேரம் இருக்கின்றன? சொத்துக் காப்பீடு பெரும்பாலும் குடோன் முகவரியோடு கட்டிப்போடப்பட்டது. வேனிலும் சைட்டிலும் இருக்கும் கருவிகளுக்குத் தனியாக ஒரு சேர்க்கை வேண்டும். அதிலும் இரவில் வேனில் விட்டுவைத்து திருடு போனால் உண்டா, தேய்மானம் கழிப்பார்களா என்று கேளுங்கள்.

காப்புத் தொகையைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தை மிச்சப்படுத்தும் யோசனை வந்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். சரக்கின் உண்மை மதிப்பு 100. நீங்கள் காட்டியது 60. நஷ்டம் 20 என்றால், முழுதாக 20 கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காட்டிய மதிப்பின் விகிதத்தில் மட்டும் நஷ்டத்தைத் தரும் விகிதாச்சார விதி உள்ள பாலிசியில் 12தான் வரும். அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழியும். சீசனில் சரக்கு குவிந்திருக்கும் நாளின் மதிப்பைச் சொல்லுங்கள்.

வருமான இழப்புப் பகுதியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காப்பீடு செய்த சொத்து சேதமானால்தான் அது வேலை செய்யும். கட்டட உரிமையாளர் வேலையை நிறுத்தி வைத்தாலோ, உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனாலோ ஒன்றும் வராது. குடோன் எரிந்தாலும் உங்களைப் போன்றவர்கள் சில நாட்களில் வேறு இடத்தில் சரக்கு இறக்கி வேலையைத் தொடங்கிவிடலாம். பேரம் பேச இடமிருந்தால் இந்தப் பகுதியைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் பொறுப்புக் காப்பீட்டின் வரம்பைக் கூட்டச் சொல்லுங்கள்.

சில வேலைகளை வெளி ஆட்களுக்கு சப்-கான்ட்ராக்ட் விடுகிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் செய்த தவறுக்கும் வீட்டுக்காரர் உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்.

மாறுவதென்றால் குடோனின் தீ பாலிசி முடியும் நாள்வரை பொறுங்கள். நடுவில் ரத்து செய்தால் மிச்ச நாட்களுக்கான பணம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். பொறுப்புக் காப்பீடு மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இப்போது உங்களிடம் அது அறவே இல்லை. பேக்கேஜ் வரும்வரை தனியாகவாவது இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.