ஒப்பந்தம் 2 வருடம், கடன் 30 வருடமா?

கேள்வி: என் கணவர் மெல்பர்னில் ஒரு ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) கிளப்பில் ஆடுகிறார். வயது 24. கிளப்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் 18 வயதில் எடுத்தார்கள். நடுவில் ஒரு சீசன் முழுக்க முழங்கால் அறுவை சிகிச்சையில் போனது. இப்போது வருடத்துக்கு 3 லட்சம் டாலர் சம்பளத்தில் 2 வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. நான் ஃபார்மசிஸ்ட், சம்பளம் 90,000 டாலர். பேங்க் 12 லட்சம் டாலர் வீட்டுக் கடன் தரத் தயாராக இருக்கிறது. அவருடைய பழைய டீம் நண்பர் காபி கடை வைக்க 80,000 டாலர் கேட்கிறார். "இன்னும் பத்து வருடம் ஆடுவேன்" என்று இவர் தைரியம் சொல்கிறார். எனக்குத்தான் பயம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயத்தை விட்டுவிடாதீர்கள், சகோதரி. இந்த வீட்டில் கணக்கு சரியாகப் போடுவது அந்தப் பயம்தான்.

பத்து வருடம் ஆட முடியாது என்று நான் சொல்லவில்லை. காலிங்வுட் அணியின் ஸ்காட் பெண்டில்பரி 400-வது ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 36. ஆனால் அலெக்ஸ் ஜான்சனையும் நினைத்துப் பாருங்கள். 2012-ல் கோப்பை வென்ற சிட்னி ஸ்வான்ஸ் அணியில் இருந்தவர், முழங்கால் காயங்களால் அடுத்த ஆட்டத்துக்கு 2018 வரை காத்திருந்தார். திரும்பி வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே மறு முழங்கால் போனது. மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா 2023 செப்டம்பரில் தலையில் அடி வாங்கினார். ஒப்பந்தத்தில் இன்னும் பல வருடம் பாக்கி இருந்தும், 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவர்கள் பேச்சைக் கேட்டு ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று.

காயமே படவில்லை என்றாலும், கிளப் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். வாரா வாரம் ஆடுவது 23 பேர். ஒவ்வொரு நவம்பரிலும் டிராஃப்ட்டில் புதுப் பையன்கள் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு இடம் விட யாராவது வெளியே போயாக வேண்டும். அப்படிப் போன ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் என்னைப் பார்க்க வந்தார். வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட், கார் லீஸ் தாள், ஒரு பக்க ரெஸ்யூமே, மூன்றையும் மேசையில் வைத்தார். ரெஸ்யூமேயில் பள்ளியின் பெயருக்குக் கீழே கிளப்பின் பெயர். அதற்குக் கீழே வெள்ளைத் தாள். 26 வயதுப் பையன். அந்தத் தாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 2025-26 வரி விகிதப்படி, மெடிகேர் லெவியும் (அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரி) போக, 3 லட்சத்தில் கைக்கு வருவது மாதம் சுமார் 16,000 டாலர். உங்களுடையது சுமார் 5,800. 12 லட்சம் கடனுக்கு 6 சதவீத வட்டியில், 30 வருடத்துக்கு, தவணை மாதம் 7,200 டாலர் ஆகும். இன்று பார்த்தால் சுலபம். நாளை கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல், அவர் 85,000 டாலர் வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். கைக்கு மாதம் 5,600-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அவர் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது. ஒரு குழந்தை பிறந்து நீங்களும் லீவில் இருந்தால்?

அதனால் உங்கள் சம்பளத்தில் மட்டும் கட்டக்கூடிய கடனையே வாங்குங்கள். 6 லட்சம் என்றால் தவணை சுமார் 3,600. பேங்க் எவ்வளவு தரத் தயார் என்பதைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர் சம்பளத்தில் மாதம் 10,000 டாலரை அந்தக் கடனோடு இணைந்த ஆஃப்செட் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டு வருடத்தில் 2,40,000 சேரும். அந்த அளவு கடனுக்கு வட்டி ஓடாது, அவசரம் என்றால் அன்றைக்கே எடுக்கவும் முடியும். இவ்வளவும் போக வீட்டுச் செலவுக்கு மாதம் 8,000 டாலருக்கு மேல் மிஞ்சுகிறது. அது குறைவான பணம் இல்லை.

சூப்பர் பணத்தை, அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பை, இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை எடுக்க அவருக்கு 60 வயதாக வேண்டும். 30 வயதில் ஓய்வு பெறுபவருக்கு நடுவில் முப்பது வருடம் கிடக்கிறது. ஆனால் சூப்பரோடு வரும் இன்ஷூரன்ஸை உடனே பாருங்கள். 25 வயது ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் நாமாகக் கேட்டால்தான் தருவார்கள். அப்புறம், தொழில்முறை விளையாட்டில் படும் காயத்துக்குப் பணம் இல்லை என்று பாலிசியில் எங்காவது இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு ஆஸ்திரேலிய வரித்துறை வருமான சராசரி முறை என்று ஒரு சலுகை தருகிறது. இந்த வருட விளையாட்டு வருமானம் முந்தைய நான்கு வருடச் சராசரியைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வரி போட்டு, அதை ஐந்தால் பெருக்குவார்கள். அவருடைய சராசரி 1,20,000 என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 1,80,000-க்கு வழக்கமான வரி 74,350 டாலர். இந்த முறையில் 61,350. ஒரே வருடத்தில் 13,000 டாலர் மிச்சம்! சம்பளம் ஏறுகிற இந்த வருடத்தில்தான் இதன் பலன் அதிகம். உங்கள் அக்கவுண்டன்ட் ரிட்டர்னில் இதைக் காட்டுகிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். போன வருடம் விட்டிருந்தால் திருத்தம் போடலாம், அதற்குப் பொதுவாக இரண்டு வருடம்தான் அவகாசம்.

காபி கடைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் அந்தத் தொழில் தெரியாது, கடையைப் பார்த்துக்கொள்ள சீசன் நடுவில் அவருக்கு நேரமும் இருக்காது. நேரில் மறுப்பது சங்கடமாக இருந்தால், "எங்கள் ஆலோசகர் கூடாது என்கிறார்" என்று பழியை என் மேல் போடச் சொல்லுங்கள்.

அந்த 80,000-ல் ஒரு சிறு பங்கை அவருடைய படிப்புக்கு ஒதுக்குங்கள். வீரர்கள் சங்கமான ஏஎஃப்எல் பிளேயர்ஸ் அசோசியேஷன் படிப்புக்கும் பயிற்சிக்கும் உதவித்தொகை தருகிறது. எலக்ட்ரீஷியன் வேலையோ ஆசிரியர் பயிற்சியோ, அவருக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, வாரத்தில் ஒரு நாள் போதும். முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய ஆசைப்பட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.