பிரிட்டனில் அரசியல் நிருபர் ஆக என்ன வழி?

கேள்வி: இங்கிலாந்தில் அரசியல் அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். தேசிய நாளிதழில் அரசியல் நிருபராக வேண்டும். இதழியல் முதுகலை படித்தே ஆகவேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. செய்தித்தாள்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, இதழியல் பயிற்சிக்கான தேசிய அமைப்பான என்.சி.டி.ஜே.யின் டிப்ளமோவைத்தான். முதுகலையில் சேர்வதானாலும் அந்தப் படிப்புக்கு என்.சி.டி.ஜே. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பணம்தான் தடை என்றால், ஜர்னலிசம் டைவர்சிட்டி ஃபண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

டிப்ளமோவில் சுருக்கெழுத்து இப்போது விருப்பப்பாடம். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். டீலைன் என்ற சுருக்கெழுத்து முறையில் நிமிடத்துக்கு 100 சொல் இலக்கு. நீதிமன்றத்தில் அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்ய 1981-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இடம் தராது. வழியில் நின்று பேசும் எம்.பி.யின் முன்னால் போனை நீட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பலர் 60, 70 சொல்லிலேயே தேங்கிப்போகக் காரணம், கைக்கு வசதியான வேகத்திலேயே பழகுவது. 120-ல் ஓடும் ஒலிப்பதிவைத் தினமும் எழுதுங்கள். சொல் விட்டுப்போனாலும் நிறுத்தாதீர்கள்.

முதல் வேலையை நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் தேடவேண்டாம். உள்ளூர்ப் பத்திரிகையில் சேருங்கள். அனுபவம் வந்ததும், கவுன்சில்களை, அதாவது உள்ளாட்சி மன்றங்களைப் பற்றி எழுதும், பிபிசி நிதியில் நடக்கும் லோக்கல் டெமாக்ரசி ரிப்போர்ட்டர் பணிக்கு முயலலாம். கவுன்சில் கூட்டத்துக்கான அறிக்கைகள் ஐந்து முழு வேலைநாள் முன்பே வெளியாகவேண்டும். அவற்றில் நிதி விளைவுகள் பற்றிய பகுதியையும் பின்னிணைப்புகளையும் முதலில் படியுங்கள். மூடப்படும் நூலகம், கைமாறும் நிலம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். மக்களின் வரிப்பணம் போகும் இடத்தை யாராவது உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

தகவல் சுதந்திரச் சட்டத்தில் மனு போட்டு கவுன்சிலிடம் ஆவணங்களைக் கேட்கலாம்; பதில் தர 20 வேலைநாள் கெடு. ஆனால் தேடும் வேலை 18 மணி நேரத்தை, அதாவது 450 பவுண்டைத் தாண்டினால் கவுன்சில் மறுக்கலாம். "எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்கும் மனுக்கள் விழுவது இதனால்தான். ஒரே ஒப்பந்தம், மூன்று மாதம், இரண்டு அதிகாரிகள் என்று குறுக்கிக் கேளுங்கள். 2009-ல் வெடித்த எம்.பி.க்கள் செலவுக் கணக்கு விவகாரத்துக்கும் இந்தச் சட்டத்தில் போட்ட மனுக்களே வித்திட்டன.

நாடாளுமன்ற நிருபர்களின் குழுவான 'லாபி' 1884-ல் தொடங்கியது. அங்கே, சொன்னவரின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதும் நிபந்தனையில்தான் பல தகவல்கள் கிடைக்கும். புதியவர்கள் சறுக்குவது, பெயருக்குப் பதிலாக எழுதும் அடையாளக் குறிப்பில். நான்கு பேர் மட்டும் இருந்த கூட்டத்தைப் பற்றி "கலந்துகொண்ட ஓர் அமைச்சர்" என்று எழுதினால் ஆள் யாரென்று அன்றே தெரிந்துவிடும். அவரை எப்படிக் குறிப்பிடலாம் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.