தச்சுக் கொட்டகையில் தூசி உறிஞ்சியின் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

தரைவீட்டுப் பின்கட்டில் சின்னக் கொட்டகை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இடமும் வேண்டும், தூசி உறிஞ்சியின் இரைச்சலும் அடங்க வேண்டும் என்கிறீர்கள்.

முதலில் உறிஞ்சியைப் பொதுச்சுவரிலிருந்து நகர்த்துங்கள். அதிகத் தூசி கிளப்பும் ரம்ப மேசை அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். குழாய் நீளவும் வளையவும் இழுவிசை குறையும். நெளிகுழாய்க்குள் காற்று உரசி ஊளையிடும். அதைக் கடைசி ஓரடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் உள்ளே வழுவழுப்பான 100 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள். கட்டைகளைச் சுவரோரமாக மேலே அடுக்கினால் தரை காலியாகும்.

அப்புறம் உறிஞ்சியை மூட ஒரு பெட்டி. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து உள்ளே ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்லிழைப் பஞ்சு) ஒட்டி, அதன்மேல் துணி போர்த்துங்கள். கதவோரம் விரல் நுழையும் இடுக்கு இருந்தாலும் பாதி உழைப்பு வீண், ரப்பர் பட்டை கட்டாயம். ஆனால் முழுக்க அடைத்தால் இங்குள்ள புழுக்கத்தில் மோட்டார் கருகிவிடும். காற்று வெளியேற, குறுக்குப் பலகைகள் வைத்து வளைந்து வளைந்து போகும் பாதை விடுங்கள். காற்று வளைந்து வெளியே போய்விடும், சத்தம் ராக்வூலில் மோதி அடங்கும். அடியில் கனத்த ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வு தரைக்கு அவ்வளவாக இறங்காது.

சத்தத்துக்காக இழுவிசையை மட்டும் குறைக்காதீர்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உறிஞ்சியின் தூசிப் பையைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள்.