கேளுங்க, சொல்றோம்: குறும்புக் கலை ஸ்பெஷல்

கே: மியூசியம்னாலே எனக்கு கொட்டாவி வருது. சிரிச்சுக்கிட்டே பாக்குற மாதிரி கலை உலகத்துல எங்கயாவது இருக்கா?

ப: இருக்குங்க, ஆனா குனிஞ்சு பாக்கணும். போலந்துல வ்ரோட்ஸ்வாஃப்னு ஒரு ஊர், அங்க தெருவோரம், ஜன்னல் திண்டு, படிக்கட்டு மூலைன்னு முழங்கால் உயரம்கூட வராத வெண்கலக் குள்ளனுங்க நூத்துக்கணக்குல நிக்கிறாங்க. ஒரு இடத்துல ரெண்டு குள்ளனுங்க ஒரே உருண்டைக் கல்லை எதிரும் புதிருமா நின்னு தள்ளுறாங்க, கல்லு எங்க நகரும்? டூரிஸ்ட்டுக்காக வச்ச பொம்மைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 1980கள்ல அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி, சுவத்துல யாராவது அரசாங்கத்தை எதிர்த்து எழுதினா போலீஸ் வந்து மேல பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டுப் போயிடும், அந்த பெயின்ட் திட்டு மேலயே 'ஆரஞ்சு மாற்று'ன்னு ஒரு குரூப் குள்ளன் படத்தை வரைஞ்சுட்டுப் போயிடும். குள்ளன் வரைஞ்சதுக்கு என்னன்னு கேஸ் போடுறது, சொல்லுங்க! 1988 ஜூன் 1ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஆரஞ்சு கலர் குல்லா மாட்டிக்கிட்டு ஊர்வலமே போனாங்க. அந்த இயக்கத்தோட ஞாபகமாத்தான் 2001ல முதல் குள்ளன் சிலை வந்துச்சு, மத்த பசங்கல்லாம் அப்புறமா சேந்தவங்க.

கே: காய்கறியில கச்சேரி பண்றாங்களாமே, நிஜமா?

ப: நிஜமேதான். வியன்னாவுல 1998ல ஆரம்பிச்ச குரூப். கேரட்டைக் குடைஞ்சு ஓட்டை போட்டா குழல், பூசணிக்காய்னா டிரம். முடிஞ்சதும் ஆடியன்ஸுக்கு சூடா காய்கறி சூப் வேற.

கே: செத்தவங்க கல்லறையில போய் ஜோக் எழுதுறது தப்பில்லையா? ருமேனியாவுல அப்படி ஒரு இடம் இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

ப: சபின்ட்சா கிராமத்தைச் சொல்றீங்க. ஸ்டான் இயோன் பட்ராஷ்னு ஒரு மரச்சிற்பி 1935 வாக்குல ஆரம்பிச்சது. ஓக் மரத்துல சிலுவை, பளிச்சுனு நீலப் பெயின்ட், மேல அந்த ஆள் வாழ்ந்த விதத்தையோ செத்த விதத்தையோ செதுக்கின படம், கீழ செத்தவரே பேசுற மாதிரி நாலு வரிப் பாட்டு. குடிகாரன்னா குடிகாரன்னே இருக்கும், பூசி மொழுகுற வேலையே கிடையாது. ஒரு சிலுவையில மருமகப் பிள்ளை கெஞ்சுறாரு, சத்தம் போடாம போங்கப்பா, மாமியார் எழுந்து வந்துட்டா என் கதை கந்தல்னு! தப்பான்னு கேட்டா, எனக்கென்னவோ எல்லாரையும் உத்தமர்னு எழுதி வைக்கிறதைவிட இதுதான் மரியாதையாப் படுது, அந்த மனுஷனை யாரோ உண்மையாவே கவனிச்சிருக்காங்கல்ல. பட்ராஷ் 1977ல செத்ததும் அவரோட சீடர் அந்த வேலையைக் கையில எடுத்துக்கிட்டாரு.

கே: ஸ்வீடன்ல வருஷா வருஷம் வைக்கோல் ஆடு ஒண்ணு கட்டுறாங்களாம், யாராவது கொளுத்திடுறாங்களாம். அப்புறம் எதுக்கு கட்டணும்?

ப: யாவ்லேன்னு ஊரு, 1966லயிருந்து கிறிஸ்துமஸுக்குக் கட்டுறாங்க, 13 மீட்டர் உயரம். முதல் வருஷமே புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி எரிஞ்சு போச்சு. கொளுத்துறது குற்றம், ஜெயிலுக்குப் போனவங்களும் இருக்காங்க, ஆனாலும் இந்த வருஷம் தப்பிக்குமா தப்பிக்காதான்னு பந்தயம் கட்டுறதே அங்க பாதித் திருவிழா. 2023ல நெருப்பு வைக்க யாருக்கும் சான்ஸே கிடைக்கல, ஏன்னா வைக்கோல்ல தானியம் மிச்சம் இருந்ததால காக்கா இனப் பறவைங்க கூட்டமா வந்து ஆட்டைக் கொத்தித் தின்னுடுச்சு.