பகவதிபுரத்துக் கேசட்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் செங்கோட்டையை அடுத்த பகவதிபுரம். மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்த என் அப்பா, 1999 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக வீட்டு முற்றத்தில் வீடியோ எடுத்துவந்தார். அவர் சுற்றுகளை எண்ணியபடி கம்பி சுற்றுவது, பேரப்பிள்ளைகளின் விளையாட்டு, முல்லைக்கொடியில் தொங்கும் தேன்சிட்டின் கூடு எல்லாம் மினி டிவி (MiniDV) எனும் சிறிய வீடியோ கேசட்டுகளில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மோட்டார் வேலையை நீக்கிவிட்டு, குடும்பத்தையும் பறவைகளையும் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்கிறான் தம்பி. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் நீக்க வேண்டாம். எரிந்த காயிலைப் பிரித்து, பழைய கம்பியின் கேஜையும் (தடிமன் அளவையும்) சுற்றுகளையும் கணக்கெடுத்து, அதே அளவில் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும் கைத்தொழிலை நம் பட்டறைகளில் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்றார்கள். அதை ஒரு தேர்ந்த கை முழுமையாகச் செய்துகாட்டும் பதிவு எளிதில் கிடைப்பதன்று. தேன்சிட்டுக்கும் இதுவே பொருந்தும். குஞ்சு பொரித்தபின் ஆணும் பெண்ணும் இரை ஊட்டும் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் எவ்வளவு நேரம் சென்றது என்பதை வெட்டாத காட்சியிலிருந்து மட்டுமே அறிய முடியும். மேலும், 1904இல் தொடங்கி 2010இல் நின்றுபோன, உங்கள் ஊர் வழியே சென்ற செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயிலின் ஓசை, எவரும் கருதிப் பதியாமலே, அந்த மோட்டார் காட்சிகளின் பின்னணியில் இருக்கக்கூடும். 2018இல் வந்த அகலப்பாதை ரயிலின் ஓசை வேறு.

இனி, அவசரமானது. சாரல் காலத்து ஈரம் கேசட்டுகளுக்குப் பகை. நாடாவின் விளிம்பில் வெண்பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தேர்ந்தவரிடம் கொடுத்துத் துடைக்கச் செய்யுங்கள். நல்லவற்றை, கேமராவைக் கணினியோடு டிஜிட்டலாக இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் வழியாகவே கணினிக்கு மாற்றுங்கள். படம் தரம் குறையாது, காட்சியோடு பதிவான தேதியும் நேரமும் உடன் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள கேபிளில் மாற்றினால் அந்தத் தேதி விவரம் தொலைந்துவிடும். ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். தம்பி கேட்பது போன்ற தொகுப்பை நகலிலிருந்து தாராளமாக உருவாக்கலாம்.

மாற்றும்போது அப்பாவை அருகில் அமர்த்திக்கொண்டு, அது யாருடைய கிணற்று மோட்டார், எதனால் எரிந்தது, அந்தக் கூடு எந்தக் கொடியில் இருந்தது என்றெல்லாம் கேட்டு, அவர் சொல்வதையும் பதிவுசெய்து அந்தந்தக் கேசட்டின் கோப்போடு சேர்த்துவையுங்கள்.